தர்மபுரியில் குழந்தைக்கு எந்த டூத்பேஸ்ட்? வாங்கிப் பார்த்ததை வைத்து ஒரு விமர்சனம்

கடையில் கார்ட்டூன் போட்டுத் தொங்கும் குழந்தைகள் டூத்பேஸ்ட்டில் பெரும்பாலானவை கொடுக்கிற காசுக்கு வேலை செய்வதில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். அட்டையின் முன்பக்கம் இருக்கும் பொம்மையை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஃபுளோரைடு, அதாவது சொத்தையைத் தடுக்கும் தாது, எவ்வளவு என்று பாருங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) என்று இருந்தால் வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். மீதியெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான், நேரம் இருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

எங்கள் வீட்டில் மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு மூன்று முடிந்துவிட்டது. இருவருக்கும் முதல் பல் எட்டிப் பார்த்ததிலிருந்து மெடிக்கல், சூப்பர் மார்க்கெட், ஆன்லைன் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பார்த்திருக்கிறோம். நாங்கள் இருப்பது தர்மபுரி டவுன். குழந்தைப் பல் பற்றிப் பேசும்போது இந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், சென்னைக்காரர்களுக்கு இல்லாத ஒரு கவலை எங்களுக்கு உண்டு.

பிராண்ட் பெயர் எதையும் நான் எழுதப்போவதில்லை. ஒரே கம்பெனி 0–2 வயதுக்கு ஒன்று, 3–5க்கு ஒன்று, 6 வயதுக்கு மேல் ஒன்று என்று வரிசையாக விற்கிறது, ஒவ்வொன்றிலும் சரக்கு வேறு. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் தேவையில்லாத டியூப் கையில் வந்து சேரும். அதனால் வகை வகையாகவே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பாறையிலிருந்து கரைந்து வருவது. போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்களின் முன்பல்லில் சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளைத் திட்டும், அதன் மேல் காவிக் கறையும் இருப்பதை இங்கே எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். ரொம்ப வருஷம் குடித்தவர்களுக்கு அது எலும்பு வரைக்கும் போய் முதுகு, முட்டி விறைத்துப்போகும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அதனால் எங்கள் பக்கத்துத் தாய்மார்களிடம் ஃபுளோரைடு என்று சொன்னாலே ஒரு பயம் வருகிறது, பேஸ்ட்டிலும் அது இருக்கிறது என்றால் உடனே வேண்டாம் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் அது போய் நிற்க வேண்டிய இடம் தண்ணீர், பேஸ்ட் டியூப் அல்ல.

மகளுக்கு ஒரு வயது ஆகும்போது பல் டாக்டரிடம் காட்டினோம். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்கள் எல்லாரும் சொல்வது. அந்த அம்மா குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குத் தண்ணி எங்க இருந்து வருதும்மா?" நான் குடிக்கிற தண்ணீரைச் சொன்னேன். "சோறு எதுல வடிக்கிறீங்க? பால்ல கலக்கற தண்ணி எது?" என்று அடுத்ததைக் கேட்டார். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சமையலுக்குச் சில நாள் போர் தண்ணீர் என்று சொன்னதும், அந்த போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். முடிவு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. 1 வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் நாட்டுத் தர அளவு.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. பட்டாணி அளவு பேஸ்ட் கால் கிராம் வரும். அதாவது பிள்ளை ஒரு பொட்டுக்கூடத் துப்பாமல் முழுசாக விழுங்கினாலும் உள்ளே போவது கால் மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் அரை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் சோறும் ரசமும் ராகிக் கூழும் செய்து ஒரு லிட்டர் உள்ளே போனால் அதுவே 2 மில்லிகிராம், நான்கு மடங்கு. இதில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பல பேர் நம்புகிறார்கள். ஆகாது. கிருமி சாகும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகப் போகப்போக அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது. ஆர்ஓ வைத்தால் குறையும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை என்று ஒன்று நம் நாட்டிலேயே உண்டாக்கினார்கள், ஆனால் அது ஊர்ப் பொதுத் தொட்டிக்குச் சரி, நாம் வீட்டில் கண் அளவில் செய்யக்கூடாது. நாங்கள் சமையலையும் ஒகேனக்கல் தண்ணீருக்கு மாற்றிவிட்டோம். அந்தத் தண்ணீர் வராத நாளுக்குத் தனியாக டிரம்மில் பிடித்து வைக்கிறோம்.

பல்லில் அந்தக் காவி விழுவது எனாமல் என்கிற பல்லின் மேல் உறை உருவாகும் வயதில்தான், அதாவது பல் ஈறுக்குள் இருக்கும்போதே. முன்பக்க நிரந்தரப் பல்லுக்கு முதல் மூன்று வருஷம் ரொம்ப முக்கியம், மொத்தத்தில் எட்டு வயது வரைக்கும் கவனம் வேண்டும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. ஆனால் ஃபுளோரைடே வேண்டாம் என்று முழுக்க ஒதுங்கினால் மறுபக்கம் சொத்தை காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் தன்னுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே ஃபுளோரைடு டூத்பேஸ்ட்டைச் சேர்த்துவிட்டது. சாதாரணப் பேஸ்ட்தானே என்று நாம் நினைப்பதை அவர்கள் மருந்து வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

சரி, அட்டைக்கு வருவோம். இந்தியாவில் டூத்பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் என்றால் டியூபிலும் அட்டையிலும் அளவை அச்சிட்டே ஆக வேண்டும், காலாவதி தேதியும் போட வேண்டும். இது விதி. எண் இருக்கும், ஆனால் எங்கே, எந்த நிறத்தில் என்பதுதான் பிரச்சினை. இளஞ்சிவப்பு அட்டையில் வெள்ளைப் பொடி எழுத்தில் அடித்திருந்ததை போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். சிலவற்றில் பிபிஎம் ஒரு பக்கம் இருக்கும், அந்த ஃபுளோரைடைத் தரும் உப்பின் சதவீதம் இன்னொரு பக்கம் இருக்கும். சோடியம் ஃபுளோரைடு 0.22 சதவீதம் என்றால் அது 1000 பிபிஎம். 0.11 என்றால் 500. சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்று போட்டிருந்தால் 0.76 சதவீதம்தான் 1000. பெயர் வேறு, எடை வேறு என்பதால் சதவீதத்தை மட்டும் வைத்து இரண்டு டியூபை ஒப்பிடாதீர்கள், 0.76 பெரிதாகத் தெரியும், உள்ளே இருக்கும் ஃபுளோரைடு ஒன்றுதான்.

இப்போது வகைகள்.

ஃபுளோரைடே இல்லாத குழந்தைப் பேஸ்ட். பெரும்பாலும் 0–2 என்று போட்டிருக்கும், இப்போது ஆன்லைனில் இயற்கை, ரசாயனம் இல்லாதது என்று சொல்லிப் பெரிய பிள்ளைகளுக்கும் விற்கிறார்கள். விலை கண்ணைப் பிடுங்குகிறது. மகள் ருசித்துச் சாப்பிட்டாள், தேய்த்தாள் என்று சொல்ல முடியாது. பல்லில் ஒட்டியிருப்பதை எடுப்பது பிரஷ்தான், அதை வெறும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலும் எடுக்கும். அப்படியிருக்க இந்தப் பேஸ்ட்டுக்கு எதற்குக் காசு என்பது என் கேள்வி. இதற்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு: வீட்டுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், மாற்றவும் வழியில்லை, பிள்ளைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அப்போது பல் டாக்டரே இதைச் சொல்லக்கூடும். அவர் சொல்லி வாங்குங்கள், விளம்பரம் சொல்லி வாங்காதீர்கள்.

அடுத்தது நடுவில் நிற்பது, 450, 500 பிபிஎம் என்று வருபவை. மெடிக்கல் கடையில் குழந்தைப் பேஸ்ட் கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது இதைத்தான். ஸ்ட்ராபெர்ரி, பபிள்கம் வாசனை, நுரை குறைவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் சொத்தையைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சியில் தெளிவாகத் தெரிவது 1000 பிபிஎம்மிலிருந்துதான், அதற்குக் கீழே இருப்பவற்றுக்கு அந்த உறுதி இல்லை. பாதி அளவு போட்டால் பாதி பாதுகாப்பு என்று கணக்கு வராது. பிள்ளை விழுங்கிவிடும் என்று பயந்து பலம் குறைந்த பேஸ்ட்டை பிரஷ் முழுக்கப் பிதுக்கி வைப்பதைவிட, பலம் உள்ளதை அரிசி அளவு வைப்பது மேல். மகனுக்குச் சின்ன வயதில் இதைத்தான் வாங்கினோம், நல்லவேளை அவனுக்குச் சொத்தை வரவில்லை, ஆனால் அதற்கு இந்தப் பேஸ்ட்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஐந்துக்கு இரண்டு.

1000 பிபிஎம் உள்ள குழந்தை ஜெல். இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் ஒளி ஊடுருவும் ஜெல்லாக இருக்கும், பல்லைத் தேய்க்கும் பொடியாகச் சுண்ணாம்புக்குப் பதில் சிலிக்கா வைத்துச் செய்தது. சோடியம் ஃபுளோரைடைச் சுண்ணாம்புப் பொடியோடு கலந்தால் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பல்லுக்குக் கிடைக்காது, அதனால்தான் அதை ஜெல்லில் போடுகிறார்கள், வெள்ளைச் சுண்ணாம்புப் பேஸ்ட்டில் மோனோஃபுளோரோபாஸ்பேட்டைப் போடுகிறார்கள். எங்கள் மகளுக்கு இப்போது இதுதான். காரம் இல்லை, வாயை மூடிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரே குறை டியூபின் வாய் அகலம், லேசாக அழுத்தினாலே பட்டாணி அளவைத் தாண்டிக் கொட்டுகிறது. குழந்தைக்கு என்று செய்கிறவர்கள் முதலில் யோசித்திருக்க வேண்டியது அந்த ஓட்டையைத்தான். இருந்தாலும் ஐந்துக்கு நான்கு.

பெரியவர்களின் சாதாரண வெள்ளைப் பேஸ்ட். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், நல்ல பிராண்டில் இதிலும் அதே 1000தான், கிராம் கணக்கில் பார்த்தால் குழந்தைப் பேஸ்ட்டின் விலையில் சின்னப் பங்குதான். புதினாக் காரம்தான் தடை. மகன் ஆறு வயது வரைக்கும் "காரமா இருக்கும்மா" என்று அழுதான், பிறகு பழகிவிட்டது, இப்போது நாங்கள் தேய்க்கிறதையேதான் அவனும் தேய்க்கிறான், பட்டாணி அளவு. கையைக் கடிக்கும் குடும்பங்கள் குழந்தைப் பேஸ்ட் வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படவே வேண்டாம், ஒரே டியூபில் அளவை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். வெண்மையாக்கும் பேஸ்ட், கரிப் பேஸ்ட் மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம், எனாமலைத் தேய்த்து எடுத்துவிடும். பல்பொடியும் அப்படித்தான், விரலால் தேய்க்கும்போது பல்லிடுக்கில் போகவும் போகாது. மூலிகைப் பேஸ்ட் வாங்குவதாக இருந்தால் அட்டையில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கிராம்பும் வேம்பும் மணக்கும், சொத்தையைத் தடுக்கும் வேலையை அவற்றை நம்பி விடமுடியாது.

அளவு பற்றி மறுபடியும் சொல்கிறேன், விளம்பரத்தில் பிரஷ் மேல் அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து நம் கையும் அப்படியே பழகியிருக்கிறது. மூன்று வயதுக்குள் ஒரு அரிசி. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி. பேஸ்ட்டை வைக்கிற கை பெரியவர்களுடையதாக இருக்க வேண்டும். தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளிக்க விடாதீர்கள், பல்லில் லேசாகத் தங்கும் அந்த ஃபுளோரைடுதான் வேலை செய்வது. இது எங்கள் வீட்டில் சண்டையே ஆகிவிட்டது. "வாய் கொப்பளிக்காம எப்படிம்மா, நுரையோடயா படுக்க வைப்ப" என்று அத்தைக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் இரண்டு மூன்று தடவை நன்றாகத் துப்பச் சொல்லி, உதட்டை மட்டும் ஈரக்கையால் துடைத்துவிடுவது என்று ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். மிட்டாய் ருசியில் பேஸ்ட் செய்தால் பிள்ளை அதை மிட்டாயாகத்தான் பார்க்கும். 50 கிராம் டியூப், 1000 பிபிஎம் என்றால் அதில் 50 மில்லிகிராம் ஃபுளோரைடு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அளவு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த ஒரு டியூப் சரியாக அந்த அளவுதான். பட்டாணி அளவை விழுங்கினதற்குப் பதற வேண்டாம், டியூபையே பிழிந்து தின்றிருந்தால் பால் கொடுத்துக்கொண்டே கிளம்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பேஸ்ட் கண்ணாடிக்குப் பின்னால் அலமாரியில், பிரஷ் மட்டும்தான் கைக்கு எட்டும் இடத்தில்.

பிரஷ்ஷுக்கு வருகிறேன். விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ் பல் முளைக்கும்வரை ஈறு துடைக்கச் சரி, பல் வந்த பிறகு பயன் இல்லை, அதற்கு மேல் குழந்தை விரலைக் கடிக்கவும் செய்யும். தலை சின்னதாக, மயிர் மெத்தென்று இருக்கும் சாதாரண பிரஷ் போதும், மயிர் வெளியே விரிந்துவிட்டால் மாற்றுங்கள், எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆன்லைனில் இப்போது பறந்து பறந்து விற்பது குதிரை லாடம் மாதிரி இருக்கும் யூ வடிவ சிலிக்கான் பிரஷ். வாயில் கவ்விக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்டினால் எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் சுத்தம் என்று வீடியோ ஓடுகிறது. இதைச் சும்மா விடக்கூடாது என்று அழுக்கைக் காட்டும் சாய மாத்திரை வாங்கிச் சோதித்தேன். ஒரு நாள் ராத்திரி மகன் யூ பிரஷ்ஷால் அட்டையில் சொன்னபடி தேய்த்தான், பிறகு மாத்திரையை மென்று எச்சிலை வாய் முழுக்கச் சுழற்றித் துப்பினான். அழுக்கு இருக்கும் இடம் மட்டும் சிவக்கும். முன்பல்லின் நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளை. ஈறை ஒட்டிப் பல்லுக்குப் பல் ஒரு சிவப்புக் கோடு, கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அடர்ந்த சிவப்பு, கீழ்ப் பல்லின் நாக்குப் பக்கம் தேய்த்த மாதிரியே இல்லை. டார்ச் அடித்துக் காட்டியதும் அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. அடுத்த நாள் சாதாரண பிரஷ்ஷால் நான் கூட நின்று ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கவைத்தேன், இரண்டு நிமிஷம். சிவப்பு மிஞ்சியது கடைசிப் பல்லுக்குப் பின்னால் மட்டும். யூ பிரஷ்ஷுக்கு என்னிடம் மதிப்பெண்ணே இல்லை. சாய மாத்திரைக்கு ஐந்துக்கு ஐந்து, எப்போதாவது ஒரு தடவை போதும், நாக்கு சிவந்திருப்பது சீக்கிரம் போய்விடும், பள்ளிக்கூடம் இருக்கிற நாள் காலையில் மட்டும் வேண்டாம்.

அந்த மிஞ்சிய சிவப்பு இருந்த இடம்தான் எல்லாத் தாய் தகப்பன்மாரும் தவறவிடுகிற இடம். ஆறு வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும், மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு. இதற்காக எந்தப் பல்லும் விழாது, ஆடாது, அதனால் வந்ததே தெரியாது, இதுவும் பால் பல்தான் என்று விட்டுவிடுவார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல். முளைத்து வரும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக, பாதி ஈறு மூடியபடி இருக்கும், நேராகப் பிரஷ் போட்டால் மேலேயே போய்விடும். கன்னத்தை விரலால் ஒதுக்கிவிட்டு பிரஷ்ஷைப் பக்கவாட்டில் குறுக்கே நுழைத்துத் தேய்க்க வேண்டும். பிள்ளையால் அது முடியாது, ஏழு எட்டு வயது வரைக்கும் ராத்திரி ஒரு தடவையாவது நாம்தான் தேய்த்துவிட வேண்டும். மகனுக்கு அந்தப் பல் முழுசாக வெளியே வந்ததும் டாக்டர் அதன் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசிவிட்டார். ஊசி இல்லை, குடைவது இல்லை, பல்லைக் காயவைத்து, திரவம் மாதிரி ஒன்றை ஊற்றி, நீல விளக்கைக் காட்டினார், முடிந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் பாராட்டுகிற எல்லாவற்றிலும் காசுக்கு மிக ஏற்றது இந்தச் சீலன்ட்தான், எந்தப் பேஸ்ட்டும் அந்தப் பள்ளத்துக்குள் இப்படிப் பாதுகாக்காது.

"விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு" என்பதற்கும் ஒரு பதில் எழுதிவிடுகிறேன், எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள். பால் பல் இருபது. முன்பல் ஆறு ஏழு வயதில் விழும், ஆனால் பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் வாயில் இருக்க வேண்டும். நான்கு வயதில் சொத்தையானால் இன்னும் ஆறேழு வருஷம் அந்த வலியோடுதான் பிள்ளை சாப்பிட வேண்டும். பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்துவிடும், கீழே வரவேண்டிய பல்லுக்கு வழி இருக்காது, கோணலாக வரும். அதைத் தடுக்க வளையம் மாதிரி ஒரு கம்பி போட வேண்டியிருக்கும். அப்புறம் பல்லுக்குக் கம்பி போட்டு நேராக்குவது என்று செலவு வளர்ந்துகொண்டே போகும்.

சொத்தை ஆரம்பிக்கும்போது கறுப்பாக இருக்காது, இதை எங்கள் டாக்டர் காட்டித்தான் பார்த்தேன். மேல் முன்பல்லில் ஈறை ஒட்டிச் சாக்பீஸ் தேய்த்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு இங்கேதான் முதலில் வரும், தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், கழுவிவிட ஆள் இல்லை. கீழ் முன்பல்லை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். அந்த வெள்ளைக் கோடு தெரிந்ததுமே டாக்டரிடம் போனால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசியே பல சமயம் நிறுத்திவிடலாம். சாதாரண வார்னிஷ்ஷில் 22,600 பிபிஎம், அதனால் டாக்டர் கையால் மட்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை பூசுவார்கள். குழி விழுந்துவிட்டால், உட்கார மறுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்று ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, குடையாமலே சொத்தையை நிறுத்தும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். என் தங்கை மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் போட்டார்கள், கறுப்பைப் பற்றி முன்னாலேயே போட்டோ காட்டிச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள், வலி நின்றுவிட்டது. முன்பல்லில் போடுவதற்கு முன்னால் குடும்பத்தில் எல்லாரும் பேசி முடிவெடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது: மகளுக்கு 1000 பிபிஎம் ஜெல், மகனுக்கு வீட்டு வெள்ளைப் பேஸ்ட், இருவருக்கும் சாதாரண மெத்தென்ற பிரஷ், ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கலில் முதலில் இந்த ஜெல் இல்லை, 500தான் வைத்திருந்தார்கள், "யாரும் கேக்கறதில்லக்கா" என்றார் பையன். இரண்டு மூன்று பேர் அட்டையைத் திருப்பிக் காட்டி 1000தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் வரவழைத்துவிட்டார்கள். உங்கள் ஊர்க் கடையிலும் இப்படியே கேளுங்கள். வாங்கும்போது காலாவதி தேதியையும் பாருங்கள், மெதுவாக விற்கிற சரக்கு என்பதால் பழையது கையில் வந்துவிடுகிறது.